மடித்துத் தைத்த சிவப்பு

வெட்டியாச்சு. ஜப்பார் மாஸ்டர் இடுப்புப் பட்டியைக் கத்தரியால் ஒரே இழுப்பில் பிளந்துவிட்டு, “மேடம், பார்டரை இப்பவே உருவிரவா, டீ குடிச்சிட்டு வந்து உருவவா?” என்று கேட்டு வாய் மூடவில்லை, சங்கரின் போன் வந்தது. கடங்காரன், அதைக் காலையில் பண்ணியிருக்கக் கூடாதா? நேற்றுப் பண்ணியிருக்கக் கூடாதா? கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் ஏதாவது ஒருநாள் சாப்பிடும்போதோ டிவி பார்க்கும்போதோ இந்தச் சங்கதியைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சைதாப்பேட்டைச் சந்துக்குள், தையல் மெஷின்களும் அயர்ன் டேபிளும் போக ஒரு ஆள் நிற்க மட்டுமே இடமிருந்த அந்தக் கடையில், போனைக் காதில் வைத்தபடி தாரிணி நின்ற இடத்திலேயே நின்றாள். “அம்மா ரூம் பரண்ல ஒரு ஓலைப்பெட்டி இருக்கும்ல, அதை இறக்கணுமாம். ஸ்டூல் போட்டு ஏறட்டுமான்னு எனக்குப் போன் பண்றாங்க. நான் மீட்டிங்ல இருக்கேன். நீ சீக்கிரம் போயிருவியா? நாளைக்கு ஆடி வெள்ளி. வீட்டுக் கன்னிக்குப் படைக்கணும்.” எந்தக் கன்னிக்கு என்று கேட்டாள் தாரிணி. கேட்கும்போதே அவள் கண் மேஜைமேல்தான் இருந்தது. “எங்க அக்காப்பா. சின்ன வயசுலயே தவறிட்டான்னு சொல்லியிருக்கேனே. வடிவு. அவளோட சிவப்புப் பாவாடை அந்தப் பெட்டியிலதான் இருக்கும். வருஷா வருஷம் ஊர்ல அதை எடுத்து வச்சுத்தான் கும்பிடுவாங்க.” மேஜைமேல் சிவப்புப் பாவாடை கிடந்தது. பட்டி தனியாக, உடம்பு தனியாக. தாரிணிக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம் வரவில்லை, அசட்டுத்தனமாக ஒரு நப்பாசைதான் வந்தது. “என்ன சிவப்பு?” என்று கேட்டாள். “சிவப்புன்னா சிவப்புதான், இது என்ன கேள்வி?” என்றான் சங்கர். துணியை வைத்துப் பிழைக்கிறவளைக் கட்டிக்கொண்டவனுக்கு அரக்குச் சிவப்புக்கும் தக்காளிச் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. “அத்தையை ஏற வேண்டாம்னு சொல்லு. நானே வந்து எடுத்துத் தரேன்” என்று சொன்னாள். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

துணி என்று கண்டால் கை தானாகப் போய்விடும், அதுதான் அவள் தொழிலின் சாபம். படப்பிடிப்புக்குத் துணி சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் உள்ளதுதான் இது. சிநேகிதி வீட்டுக்குப் போனால் சிநேகிதியைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் வீட்டுத் திரைச்சீலையைப் பார்ப்பாள், துக்க வீட்டுக்குப் போன இடத்தில் ஒரு பாட்டியம்மாவின் சுங்குடிச் சேலையை விரலால் தடவிப் பார்த்ததற்குச் சங்கர் கண்ணாலேயே அதட்டியிருக்கிறான். புதுத்துணி கேமராவுக்கு முன்னால் அப்படியே காகிதம் மாதிரி விறைத்து நிற்கும், பழசுதான் பேசும் என்பது அவள் வழக்கமாகச் சொல்வது. பழசு பேசும் பழசு பேசும் என்று ஊரெல்லாம் சொன்னாயே மகராசி, இப்போது பேசுகிறதே, கேளேன். அத்தை உறவுக்காரர் கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம் போயிருந்த வாரம், அத்தை அறைப் பரணில் ஏறினாள். திருட ஏறவில்லை, பழைய பாவாடை ஏதாவது கிடைக்குமா என்று ஏறினாள். அதற்கு முன்னால் ஒருநாள், “அத்தை, உங்ககிட்ட பழைய பாவாடை கிவாடை இருக்கா?” என்று கேட்டதற்கு அத்தை கொஞ்சம் யோசித்து, “இங்க ஒண்ணும் இல்ல தாயி” என்றாள். அந்தக் கொஞ்ச யோசனையைத்தான் தாரிணி பிடித்துக்கொண்டாள், இருக்கிறது, கொடுக்க மனசில்லை, பழைய மனுஷிகளுக்கு ஒரு கந்தலையும் விட மனசு வராது என்று அவளாகவே முடிவுகட்டினாள். ஓலைப்பெட்டியைத் திறந்ததும் சந்தோஷத்தில் பரணிலேயே கூவிவிட்டாள். சிவப்புப் பாவாடை, பச்சைக் கண்ணாடி வளையல், மஞ்சள் ரிப்பன். படப்பிடிப்புக்கு எடுத்துக்கொண்ட பிள்ளைப் பாட்டிலே வருகிற சாமான் அத்தனையும் ஒரே பெட்டிக்குள். கூடவே ஒரு கைக்கண்ணாடி, ஒரு மரச்சீப்பு. அந்தச் சீப்பைப் பார்த்தாவது ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம், யாராவது சும்மா இருக்கிற துணியோடு சீப்பைக் கட்டி வைப்பார்களா? அத்தையின் சின்ன வயசுச் சாமான் என்று நினைத்தாள். நினைத்தாளா? நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறாளா? பாவாடையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சனிக்கிழமை படப்பிடிப்புக்கு எடுத்தால் போதும் என்று மூடி வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

பாட்டும் அத்தை கொடுத்ததுதான். மாமா போன பிறகு, போன வருஷம் ஆடி கழிந்து, அத்தை மடிப்பாக்கத்துக்கு இவர்களோடு வந்துவிட்டாள். ஆவுடையம்மாள் என்று பெயர், ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சங்கர் அம்மா. யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டாள், காபி ஆறிப்போயிருந்தாலும் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்பாள். கீரை ஆயும்போது மட்டும் வாய்க்குள் ஒரு பாட்டு ஓடும். ஒருநாள் தாரிணி பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாகப் பாடுங்களேன் என்று நச்சரித்தாள். “சும்மா பிள்ளைக பாட்டு. எங்க ஊர்ப் பக்கம் எல்லாப் பிள்ளையும் பாடும்” என்று வெட்கப்பட்டுக்கொண்டே அத்தை பாடினாள்.

செவத்தப் பாவாடை செல்லாயி
செம்பருத்தி பறிக்கப் போனாளாம்
பச்சை வளவி பேச்சாயி
பாக்குப் பொறுக்கப் போனாளாம்
மஞ்ச ரிப்பன் மாடத்தி
மாங்கா தேடிப் போனாளாம்

அதோடு நின்றுவிட்டது. அப்புறம் என்று கேட்டாள் தாரிணி. “அம்புட்டுத்தான்.” போனார்கள் சரி, போய் என்ன ஆச்சு, பாட்டுக்கு ஒரு முடிவு வேண்டாமா? “மறந்து போச்சு” என்று சொல்லிவிட்டு அத்தை கீரைக் காம்பை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஆனால் தாரிணிக்கு அதற்குள் தலைக்குள் விளக்கு எரிந்துவிட்டது. மூன்று பெண், மூன்று நிறம், மூன்று இடம். ஜவுளிக் கம்பெனிக்காரர்கள் தீபாவளித் துணிக்கு ஏதாவது புதுசாகச் சொல்லு என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னால் போய் இந்தப் பாட்டைக் கைதட்டிக்கொண்டே பாடிக் காட்டினாள். செல்லாயி சிவப்பில் செம்பருத்திச் செடி ஓரம், பேச்சாயி பச்சையில் பாக்கு மரங்களுக்கு நடுவில், மாடத்தி மஞ்சளில் மாங்கிளைமேல். மூன்று பேரும் வளர்ந்த பெண்கள், ஆனால் முகத்தில் குழந்தையின் அவசரம், வீட்டில் சொல்லாமல் ஓடிவந்த அவசரம், அதுதான் மொத்தப் படத்துக்கும் உயிர் என்று சொன்னாள். வீட்டில் சொல்லாமல் ஓடிவந்த அவசரம். அவள் வாயால் அதைச் சொன்னாள். கம்பெனிக்காரர் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோ எடுக்கிற ஜெரால்டு மட்டும், “எல்லாம் சரி, கடைசி ஃபிரேம் என்ன? போனவங்களை அங்கயே விட்டுட்டு வந்துர முடியாதுல்ல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நேற்றும் கேட்டான். இன்று காலையும் கேட்டான். நீயே ஏதாவது கண்டுபிடி என்று எரிந்து விழுந்தாள்.

“மேடம், டீ ஆறுது” என்றார் ஜப்பார் மாஸ்டர். டீ எப்போது வந்தது? கிளாஸ் பாவாடைக்குப் பக்கத்திலேயே இருந்தது, அவள் பதறிப்போய் அதை எடுத்துக் கீழே வைத்தாள், இனி அதில் கறை வேறு ஒன்றுதான் பாக்கி. மேஜையில் விரிந்து கிடந்ததை அப்போதுதான் அவள் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே மேஜைமுன் நின்று குதித்தாளே. பாவாடையில் கீழ்ப்பக்கமாக மூன்று மடிப்பு மடித்து ஓட்டுத்தையல் போட்டிருந்தது, வளர்கிற பிள்ளைக்கு எல்லா அம்மாவும் செய்கிற வேலை, வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடையும் கூடவே வளரும். வளர்ந்த பெண்ணுக்குச் சேர, அவளுக்குத் துணி நீளம் வேண்டியிருந்தது. பிரிக்கிற ஊசியை வாங்கி அவளே உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். வெளியே வெளுத்துப் போன செங்கல் நிறம், மடிப்புக்கு உள்ளே வெயிலே படாத சிவப்பு, நேற்றுக் கடையில் எடுத்த மாதிரி. “மாஸ்டர், மாஸ்டர், இந்தக் கலரைப் பாருங்களேன்!” என்று கத்தினாள். அதை போட்டோ எடுத்து ஜெரால்டுக்கு அனுப்பினாள், அவன் மூன்று நெருப்புப் படம் போட்டுப் பதில் அனுப்பினான். எந்த மடிப்பும் பிரிக்கப்படாமல் ஏன் அப்படியே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. துணியைப் பற்றி வகுப்பு எடுக்கிறவளுக்கு. ஒரு பாவாடையில் மூன்று மடிப்பும் அப்படியே இருக்கிறது என்றால் அதைப் போட்ட பிள்ளை வளரவில்லை என்று அர்த்தம், இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்? ஐயோ, அதைப் பார்த்துச் சிரித்தேனே, கலரைப் பாருங்கள் என்று சிரித்தேனே.

“இது வேணும் மாஸ்டர். பழைய மாதிரியே வேணும்” என்றாள். ஜப்பார் மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கவில்லை, வாடிக்கைக்காரர்களின் மனசு மாறுவதை வேடிக்கை பார்த்துப் பழகியவர். “அதுக்கென்ன, பத்து நிமிசத்துல போட்டுத் தந்துர்றேன். பட்டிக்கு உள்பக்கமா ஒட்டு குடுத்தா ஒருத்தனுக்கும் தெரியாது. மடிப்பையும் மெஷின்லயே அடிச்சுர்றேன்” என்று பாவாடையை இழுத்து ஊசிக்கடியில் வைத்தார். ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தச் சொல் அவளுக்கு அப்போது தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம், அத்தைக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது, விளக்கு வெளிச்சத்தில் கும்பிட்டுவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுவாள், அடுத்த ஆடிவரை யாருக்கும் தெரியாது. மாஸ்டரின் கால் பெடலை மிதித்தது. மெஷின் தடதடவென்று ஒரு விரற்கடை ஓடியது. “வேண்டாம்!” என்று அவள் போட்ட கூச்சலில் மாஸ்டர் கையை எடுத்துவிட்டார், எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். கையால் தைத்தது அது. அத்தை கையால் தைத்தது. தையல் நேராகக்கூட இருக்காது, ஓரிடத்தில் பெரிசாக, ஓரிடத்தில் பொடிசாக, பிள்ளை தூங்கும்போது தைத்தாளோ, சமையலுக்கு நடுவில் தைத்தாளோ, வெள்ளை நூல். அந்த நூலை எங்கே போட்டேன்? தாரிணி கீழே உட்கார்ந்துவிட்டாள். தரையெல்லாம் கத்தரித்த துண்டு, ஜாக்கெட் கைகளின் பிசிறு, ஊர் முழுவதும் உடுத்தப்போகிற துணிகளின் ஓரம். அதற்குள் வெள்ளை நூலாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். “என்ன மேடம் தேடுறீங்க, ஊசியா? காலைப் பாத்து வைங்க.” நூல் என்றாள். “நூலா? இந்தா, பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கேனே!” என்று அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அவள் கண்ணைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். கிடைத்த நூல் எல்லாம் அத்தை போட்டதுதானா, வேறு எவளுடைய பாவாடை நூலும் கலந்துவிட்டதா, அவளுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கைக்குட்டைக்குள் முடிந்துகொண்டாள்.

ஆட்டோ வேளச்சேரி சிக்னலில் நின்றபோது சங்கரைத் திரும்பக் கூப்பிட்டாள். மடியில் துணிப்பை இருந்தது, அதை இறுக்கிப் பிடித்தால் தப்பு, விட்டால் தப்பு என்கிற மாதிரி விரல்களை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தாள். அவளுக்குச் சாமி நம்பிக்கை எல்லாம் பெரிதாகக் கிடையாது, பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள், செத்துப்போன சின்னப் பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்து, பாவாடையும் வளையலும் பெட்டியில் போட்டு வைத்துக் கும்பிடுவார்கள் என்று யாராவது சொன்னால், “ச்சோ, எவ்வளவு அழகு!” என்று அதையும் ஒரு படமாக்க யோசித்திருப்பாள். இப்போது பையிலிருந்து ஏதோ ஒன்று தன் மடியில் கனப்பதாக இருந்தது. பிள்ளை உட்காரும் கனம். சீ, என்ன நினைப்பு இது. “எப்படிச் செத்தா?” என்று கேட்டாள். சங்கர் மீட்டிங்கை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், எங்கோ லிப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. “ஆத்துல. எனக்கு அப்ப ரெண்டு வயசு, எனக்கு என்ன தெரியும்? சாயங்காலம் விளையாடப் போனவ. மலையில மழை, திடீர்னு தண்ணி வந்திருச்சு. ஊரே தேடிச்சாம். கிடைக்கல.” கிடைக்கவில்லை என்றால்? “கிடைக்கலன்னா கிடைக்கலதான். அதனாலதான் பாவாடை. ஏன் இப்ப இதெல்லாம் கேக்கிற?” கிடைக்கவில்லை. அப்படியென்றால் அத்தைக்குப் புதைக்கவும் ஒன்றும் இல்லை, எரிக்கவும் ஒன்றும் இல்லை, பிள்ளையின் உடம்பு என்று அவள் கையில் மிஞ்சியது இந்தத் துணிதான், அதைத்தான் நான் மேஜையில் போட்டு வெட்டச் சொன்னேன். “சங்கர், அந்தப் பாவாடையை நான் வெட்டிட்டேன்” என்றாள். “எதை?” “ஷூட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். எனக்குத் தெரியாது. வெட்டிட்டேன்.” திட்டுவான் என்று காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவனோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அம்மாகிட்ட சொல்லிராத. சத்தியமாச் சொல்லிராத, தாங்க மாட்டாங்க. எலி கடிச்சிருச்சுன்னு சொல்லு. பரண்தானே, எலி வரும். நானும் அப்படியே சொல்லிடுறேன்” என்றான். எலி. ஒரே நொடியில் எலியைக் கொண்டுவந்து விட்டான். அவளுக்கு அவன்மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை, அட, எலி என்று சொல்லலாமே என்றுதான் தோன்றியது, அதுதான் அவளை இன்னும் திடுக்கிட வைத்தது.

எலி என்று சொன்னால் நம்புவாளா? துணியைக் காட்டவே கூடாது, காட்டினால் கத்தரி வெட்டு தெரியும். எலி கடித்தது, கந்தலாகப் போச்சு, தூக்கிப் போட்டுவிட்டேன் அத்தை, மன்னிச்சிருங்க, புதுசு ஒன்று வாங்கி வைத்துக் கும்பிடுவோம். கும்பிடுவாள். நல்லாயிருக்கு என்று ஆறின காபியைக் குடிக்கிறவள் அதையும் சரி என்பாள். அப்புறம் ராத்திரி அந்த அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு என்ன செய்வாள்? போன் அடித்தது, ஜெரால்டு. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அப்புறம் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. வேறு எதையாவது கேட்டால் போதும் என்று அதைத் தட்டினாள். ஜெரால்டு உற்சாகத்தில் மூச்சு வாங்கினான். “தாரிணி, கிடைச்சிருச்சு! நம்ம லைட்மேன் தென்காசிப் பக்கம், அவன் பொண்ணு ஸ்கூல்ல முழுசாப் பாடுதாம். கடைசி ரெண்டு வரி கேளு. லாஸ்ட் ஃபிரேம் அப்படியே கையில வந்து விழுது!” பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், மூக்கடைத்த குரல், செல்லாயியிலிருந்து ஆரம்பித்து ஓட்டமாக ஓடி வந்தது.

போனவ எல்லாம் வந்தாச்சு
பொழுது சாஞ்சா கதவச் சாத்து

குழந்தை கடைசிச் சொல்லுக்குக் கையைத் தட்டியது. “மூணு பேரும் வீட்டுக்குள்ள ஓடி வர்றாங்க, பின்னாடி வெயில், கதவு மெதுவாச் சாத்துது, அதோட முடிக்கிறோம். செமையா இருக்கும்ல?” என்று ஜெரால்டு கேட்டான். சிக்னல் பச்சையாகி ஆட்டோ கிளம்பியதில் தாரிணி பின்னுக்குச் சாய்ந்தாள். மறக்கவில்லை. அத்தை எதையும் மறக்கவில்லை. போனவள் எல்லாம் வந்தாச்சு என்று அந்த வாய் எப்படிப் பாடும்? ஊரில் எல்லாக் குழந்தையும் கத்திக்கொண்டு ஓடுகிற அந்த இரண்டு வரியை ஒருத்தி மட்டும் இத்தனை வருஷமாக முழுங்கி முழுங்கி, கீரைக் காம்போடு அள்ளிக்கொண்டு எழுந்து போயிருக்கிறாள். நான் பின்னாலேயே போய், முடிவு வேண்டாமா அத்தை, முடிவு என்ன அத்தை என்று கேட்டேனே. அதற்குப் பிறகுதான் கதவு ஞாபகம் வந்தது, வந்ததும் தாரிணி ஆட்டோவுக்குள்ளேயே வாயைப் பொத்திக்கொண்டாள். மடிப்பாக்கத்தில் பொழுது சாய்ந்தால் கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். ஐந்தரைக்கே எல்லா வீட்டிலும் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிடுவார்கள். அத்தை வந்த நாளிலிருந்து இவர்கள் வீட்டு வாசல் கதவு மட்டும் பப்பரப்பா என்று திறந்து கிடக்கும். விளக்கேற்றுகிற நேரம், மகாலட்சுமி வருகிற நேரம் என்று முதலில் தாரிணி விட்டுவிட்டாள். ஆனால் ஏழு ஆகும், எட்டு ஆகும், சங்கர் வந்த பிறகும் கதவு திறந்தே கிடக்கும். “கொசு வருது அத்தை, சாத்திரலாமே” என்பாள். “கொஞ்ச நேரம் கெடக்கட்டும் தாயி” என்பாள் அத்தை. ஒருநாள் தாரிணிக்குக் காய்ச்சல், கோபத்தில் எழுந்து போய்ப் படாரென்று சாத்தினாள், உங்க மகாலட்சுமிக்கு ஒரு டைம் கிடையாதா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கதவு மறுபடி திறந்திருந்தது, அத்தை வாசலுக்கு நேராகச் சுவரில் சாய்ந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாடிப்படி முடிந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது, கதவு திறந்துதான் கிடந்தது. கூடத்தில் ஸ்டூல் இருந்தது. அப்படியானால் ஏறிவிட்டாள். தரையில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து அத்தை உட்கார்ந்திருந்தாள், ஓலைப்பெட்டி பக்கத்தில் வாய் திறந்து கிடந்தது. துண்டின்மேல் கைக்கண்ணாடி, சீப்பு, பச்சை வளையல், மஞ்சள் ரிப்பன், எல்லாம் ஓரமாக அடுக்கி, நடுவில் மட்டும் ஒன்றும் வைக்காமல் இடம் விட்டிருந்தது. தாரிணி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள். வாய்க்குள் எலி தயாராக இருந்தது. “வந்துட்டியா” என்றாள் அத்தை, முகத்தைத் தூக்காமல். “பாவாடையக் காணும். எலி கிலி இழுத்திருக்குமோன்னு பரணெல்லாம் தடவிப் பாத்தேன். எலி பெட்டி மூடியத் தொறந்து, பாவாடைய மட்டும் எடுத்துட்டு, மறுபடி மூடி வச்சிட்டா போவும்?” சங்கரின் எலி அங்கேயே செத்தது. தாரிணி உள்ளே வந்து அத்தைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். பட்டி தனியாக விழுந்தது, உடம்பு தனியாக விழுந்தது, நூல் முடிந்த கைக்குட்டை கடைசியாக விழுந்தது. “நான்தான் எடுத்தேன் அத்தை. நான்தான் வெட்டச் சொன்னேன். உங்க பிள்ளையோடதுன்னு எனக்குத் தெரியாது. அதைச் சொல்லி என்ன, கேட்டிருக்கணும், கேக்கல.”

அத்தை பட்டியை எடுத்தாள். வெட்டின இடத்தை விரலால் தொட்டாள். அதற்குப் பிறகு கிளம்பிய குரலை அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. “ஏளா, கத்தரியக் கையில எடுக்கும்போது ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா ஒனக்கு? ஒரு வார்த்தை! யாரு வீட்டுத் துணின்னு ஒன் மனசு சொல்லலியா? அன்னைக்கு இது கொடியில ஈரமாக் கெடந்துச்சுட்டி. காஞ்சிருந்தா இதத்தான் போட்டுட்டுப் போயிருப்பா, இதுவும் போயிருக்கும். இது ஒண்ணுதான் தப்புச்சு. ஆறே விட்டு வச்சத நீ வெட்டிப் போட்டியே!” என்று தரையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். தாரிணி அந்தக் கையைப் பிடிக்கப் போனாள், அத்தை உதறிவிட்டாள். கீழ் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு அத்தை பாவாடையின் உடம்பை அள்ளி மடியில் போட்டாள், போட்டவளின் கை அப்படியே நின்றது. வெளுத்த துணியில் குறுக்காக மூன்று பட்டை சிவப்பு, பளீரென்று. ஒவ்வொரு பட்டையாகத் தடவினாள். “மடிப்பப் பிரிச்சது யாரு?” என்று கேட்டாள், குரல் இறங்கியிருந்தது. நான்தான் என்றாள் தாரிணி. “எல்லா மடிப்பையுமா?” ஆமாம் என்று தலையாட்டினாள். அத்தை பாவாடையை விரித்துத் தூக்கிப் பிடித்தாள். “எந்திரி” என்றாள். தாரிணி எழுந்து நின்றாள், அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தாள், அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தாள். அத்தை முழங்காலில் நிமிர்ந்து, பாவாடையின் வெட்டுப்பட்ட மேல் ஓரத்தைத் தாரிணியின் இடுப்பில் வைத்துப் பிடித்து, கீழே தொங்கவிட்டாள். அது முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியது. அது எதுவரை வருகிறது என்று அத்தை குனிந்து பார்த்தாள், ஓரத்தை இழுத்து நீவிவிட்டு மறுபடி பார்த்தாள். முதல் மடிப்புக்கு எட்டு வயசு, அடுத்ததற்கு ஒன்பது, கடைசி மடிப்பைப் பெரியவளாகிற வருஷம் பிரிக்கலாம் என்று வைத்தது என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னாள். “நான் ஒண்ணக்கூட பிரிக்கல தாயி. பிரிச்சா அவ வந்தா சேராதுன்னு அப்படியே வச்சிருந்தேன். வருசா வருசம் எடுத்துப் பாப்பேன், அதே அளவு, அதே பிள்ள. இவ்வளவு வளந்துட்டா பாரு. இவ்வளவு பெருசாயிட்டா.” தாரிணியின் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, ஜெரால்டாகத்தான் இருக்கும்.

அத்தை பாவாடையை மடிக்கவில்லை. பிரிந்தது பிரிந்தபடியே, துண்டின் நடுவில் விட்டிருந்த இடத்தில் வைத்து, ஓரமெல்லாம் நீவிவிட்டாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அந்த நூலையும் பக்கத்திலேயே வைத்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது, யாரோ பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் உட்கார்ந்ததைத் தட்டிவிட்டாள்.

“கதவச் சாத்திரு தாயி” என்றாள். “கொசு வருது.”

அத்தை இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் தாரிணி போய்ச் சாத்தினாள்.